மல்லிகைச் சரம் தின்ற மான்

போன டிசம்பர் கடைசியில் நான், என் வீட்டுக்காரர், காலேஜில் படிக்கும் மகள் என்று மூன்று பேரும் பம்பாய் செம்பூரிலிருந்து அந்தமானுக்கு டூர் போயிருந்தோம். போர்ட் பிளேயருக்கு எதிரே ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்கே புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடாது, பக்கத்தில் வந்து நிற்கும் என்று மகள் வீடியோ காட்டியதிலிருந்தே எனக்கு ஆசை.

நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். எங்கள் பில்டிங்கில் குப்பையைப் பிரித்துப் போடாதவர்கள் எல்லோரும் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். படகு ஏறும் முன்பே வீட்டுக்காரரின் பையைச் சோதித்து பிஸ்கட்டையெல்லாம் எடுத்து ஓட்டலில் வைத்துவிட்டேன். மானுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, தொடக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது என்று இருவருக்கும் பாடம் வேறு. தீவில் ஒரு குடும்பம் மானுக்கு சிப்ஸ் நீட்டியது. என் பம்பாய் ஹிந்தியில் அவர்களை ஒரு பிடி பிடித்தேன். பாவம், அவர்கள் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஆனால் என் தலையில் இருந்த பூவை நான் யோசிக்கவே இல்லை. பூ வைக்காமல் வெளியே கிளம்பிப் பழக்கமில்லை. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் கொண்டுபோய், ஓட்டல் ஃபிரிட்ஜில் வைத்திருந்த மல்லிகைச் சரம் அது. இப்போதெல்லாம் நாரில் எங்கே கட்டுகிறார்கள்? நைலான் நூல்தான். பல்லால் கடித்தாலும் அறாது.

ஒரு மரத்தடியில் கல்லின் மேல் உட்கார்ந்தேன். பின்கழுத்தில் சூடாக மூச்சு பட்டது. ஒரு மான் என் தலைப்பூவைத் தின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உடம்பெல்லாம் சந்தோஷம். சரம் முடியிலிருந்து இழுபட்டபோதுதான் நூல் ஞாபகம் வந்தது.

"ஏங்க, நூலும் சேந்து உள்ள போவுது."

"ஏக் மினிட். அசையாம இருடி, சூப்பரா வருது," என்றார் போனைப் பிடித்தபடி.

நான் அசையவில்லை. அது போதாதென்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். பிறகு திரும்பி மானின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனபோது நூலின் நுனிகூட வெளியே இல்லை. அது மென்றுகொண்டே கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஓடிப்போய் அங்கிருந்த காவலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. புழுக்கையோடு வந்துவிட்டால் நல்லது, குடலில் சுற்றிக்கொண்டால் கஷ்டம், டாக்டரை வரவழைக்க வேண்டும், எந்த மான் என்று காட்டுங்கள் என்றார். மேய்ந்துகொண்டிருந்த மான்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"போட்டோவுல பாக்கலாம்மா," என்று மகள் அப்பாவின் போனை வாங்கி நீட்டினாள். காவலாளி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். படம் முழுக்க நான்தான். மானின் மூக்கும் வாயும் மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தன. அடையாளம் சொல்ல ஒரு புள்ளிகூட அதில் இல்லை.

படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார். ஏதாவது மான் தீனி எடுக்காமல் சுணங்கினால் பார்த்துக்கொள்வதாகக் காவலாளி சொன்னார். வேறென்ன சொல்வார், பாவம். சிப்ஸ் குடும்பமும் அதே படகில் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தது. நான் தலை நிமிரவில்லை.

அதற்குள் வீட்டுக்காரர் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். பம்பாய்ப் பக்கம் கோபர்கைரனேயில் இருக்கும் நாத்தனார், 'எவ்வளவு பாசமா நிக்குது, பிரேம் போட்டு வைங்க மதினி' என்று எழுதியிருந்தாள்.

அந்த மான் பிழைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, இனித் தெரியவும் வழியில்லை. நம்மிடம் பயமில்லாமல் ஒரு ஜீவன் பக்கத்தில் வந்து நின்றால், அதற்கும் சேர்த்து நாம்தான் பயப்பட வேண்டும் என்பது அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.