மரியபுஷ்பம் வாங்கிய டிரெக்கிங் டிக்கெட்

“ஒற்றைக்காணோ, சேச்சி?”

தனியாகவா என்று மலையாளத்தில் கேட்டார் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர். கேட்டுவிட்டு என் தலைமுக்காட்டைப் பார்த்தார். காலில் இருந்த புது கேன்வாஸ் ஷூவைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் யாராவது ஓடி வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

தனியாகத்தான். அதிலென்ன?

அதில் நிறைய இருக்கிறது என்று எனக்கும் தெரியும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இத்தா முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கணவர் இறந்த பிறகு எங்களில் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. அதை முடித்துவிட்டு வருகிறவள் மகள் வீட்டுக்குப் போகலாம், கண் டாக்டரிடம் போகலாம்... மூணாறு மலைப் பக்கம் ஒரு காட்டுப் பூங்காவில் டிரெக்கிங் போவாளா?

மழைக்காலம் முழுக்க இந்தப் பத்தியில் என்னைக் காணவில்லையே என்று எழுதிக் கேட்டவர்களுக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். காதர் போய்விட்டார். பாலக்காட்டுக் கடைவீதியில் குடை விற்றுக்கொண்டு, வாரா வாரம் இந்தப் பத்தியில் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு இருந்தாரே — அவரேதான். மழை தொடங்கிய வாரம். கடையில் கூட்டம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இனி யாரைத் திட்டி எழுதுவது என்று தெரியவில்லை. மற்ற எல்லாரிடமும் மரியாதையாகப் பேச வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. வருகிறவர்கள் அத்தனை பேரும் முதலில் என் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தார்கள். அழுதிருக்கிறாளா? அழவில்லையா? ஏன் அழவில்லை? கண்ணாடியைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள், என் முகத்தை யாரும் பார்க்காத ஓர் இடத்தில் நடந்துவிட்டு வந்தால் போதும் என்று இருந்தது.

மகன் நிஜாமிடம் சொன்னேன்.

“காட்டுக்கா? தனியாவா? ஏம்மா, நான் கூட வர்றேனே...”

“நீ வந்தா அப்புறம் எப்படிடா தனி?”

நல்ல பிள்ளை. மறையூரில் லாட்ஜும் அவனே போட்டுக் கொடுத்தான். நான் உடுமலை தாண்டும் வரை போன் செய்துகொண்டே இருந்தான். மலை ஏறியதும் சிக்னல் போனது. அப்பாடா என்று இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கவுன்ட்டர்காரர் கதைக்கு வருகிறேன். காட்டுக்குள் ஒற்றை ஆளை விட மாட்டார்களாம். யானை உண்டு. குறைந்தது இரண்டு பேராவது வேண்டும், கூடவே வனத்துறை வாட்சர் ஒருவரும் வருவார். வெளியே இன்னொரு ஒற்றை டிக்கெட் உட்கார்ந்திருக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

அந்த இன்னொரு ஒற்றை டிக்கெட்தான் மரியபுஷ்பம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மடிப்புக் கலையாத நீலச் சேலை, ரப்பர் செருப்பு, மடியில் ஒரு துணிப்பை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் பஸ் மாறி இறங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். டிரெக்கிங் வருகிற கோலமா இது?

கேட்டில் பைகளைச் சோதித்தார்கள். என் பையில் பிஸ்கட் பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறை பறிபோனது. மரியபுஷ்பமோ, கேட்பதற்கு முன்பே பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். காட்டில் நெருப்புக்கு அனுமதி இல்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் எதற்குக் கொண்டுவந்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நடந்தோம். முன்னால் வாட்சர், நடுவில் மரியபுஷ்பம், பின்னால் நான். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஆசைப்பட்டது இதைத்தானே?

ஐப்பசி மாதம். மழை கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. புல்வெளி முழுக்க ஈரம் மினுங்கியது. பள்ளத்தாக்கில் மேகம், நாம் நிற்கும் இடத்துக்கும் கீழே. இதையெல்லாம் பார்த்தால் காதர் என்ன சொல்வார் என்று மனம் தானாகவே போயிற்று. “நல்ல மழை இருக்கு, குடைக்கு நல்ல வருஷம்” என்பார். மனிதருக்கு இயற்கை என்றால் அவ்வளவுதான். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. பார்க்க யாரும் இல்லாததால் துடைக்காமலே நடந்தேன்.

ஒரு வளைவு தாண்டியதும் பாதையின் இரு பக்கமும் விநோதமான மரங்கள். உற்றுப் பார்த்தால் தேயிலை! வெட்ட ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகிவிட்டிருந்தது.

“இங்க முன்னாடி எஸ்டேட் இருந்துச்சு மேடம். இது வியூ பாயின்ட். போட்டோ எடுத்துக்கலாம்” என்றார் வாட்சர்.

நான் போட்டோ எடுத்தேன். மரியபுஷ்பம் வியூவுக்கு முதுகு காட்டிக்கொண்டு எதிர்ப்புறம் பார்த்தபடி நின்றார். அங்கே புதரும் இடிந்த சுவரும்தான் இருந்தன.

“இங்கனதான் எங்க லயம் இருந்துச்சுக்கா” என்றார். அன்று அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். “மூணாவது வீடு எங்களுது. இப்பம் சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போறேன்.”

“சொந்த இடத்தைப் பாக்க வந்தீங்களா?”

“எடத்துல என்னக்கா இருக்கு? எங்க வீட்டுக்காரர் இங்கனதான இருக்காரு. இன்னைக்குக் கல்லறைத் திருநாளுல்ல.”

பேச்சுக் கொடுத்து வாங்கியதில் கதை விளங்கியது. எஸ்டேட் குத்தகை முடிந்து நிலம் காட்டோடு சேர்ந்தது. ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் பூங்காவுக்குள் மாட்டிக்கொண்டது.

“ஆளுகள எறக்கி விட்டாக. செத்தவுகள எங்கன எறக்க?” என்றார். “வருசத்துக்கு ஒருக்கா விடுங்கய்யான்னு கேட்டுப் பாத்தேன். டிக்கெட் எடுத்தா யாரு வேணா வரலாம்னாக. சரி, நானும் டூரிஸ்ட்டுன்னு வந்துட்டுப் போறேன்.”

கசப்பே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. வாட்சர் கல்லறைத் தோட்டத்துக்கு நேர் மேலே வந்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்தார். “எனக்குக் கால் வலிக்குது. கொஞ்ச நேரம் உக்காந்துக்குறேன். தூரமாப் போயிராதீங்க” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறையூர்க்காரர். போன வருஷமும் அவருக்கு இதே இடத்தில்தான் கால் வலித்ததாம்.

நானும் இறங்கினேன். ஏன் இறங்கினேன்? கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இடுப்பளவு புல். அதற்குள் இரும்புச் சிலுவைகள், பல சாய்ந்து கிடந்தன. மரியபுஷ்பம் நேராக ஒன்றின் முன்னால் போய் நின்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறும் கையால் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் குனிந்து பிடுங்கினேன். மண்ணில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. மெழுகுவர்த்தித் துண்டு. பக்கத்திலேயே இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. எதிலும் திரி கருகவில்லை. எலியோ முள்ளம்பன்றியோ கடித்த தடம் மட்டும் இருந்தது.

பையிலிருந்து புது மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து மண்ணில் நட்டார்.

“ஏத்த முடியாதே...” என்றேன்.

“காடு பத்திக்கிட்டா என்ன செய்ய? அவுக சொல்றதும் சரிதான். என்னைக்காவது ஒரு வருசம் விட மாட்டாகளான்னுதான் தீப்பெட்டியும் எடுத்தாரேன். மெழுகுதிரி வந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்க்கா.”

பிறகு உட்கார்ந்து கணவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்! ஜெபம் என்று நினைத்து நான் தள்ளிப் போகப் பார்த்தேன். ஜெபம் இல்லை. வீட்டு விஷயம்.

“சின்னவளுக்கு மாப்பிள்ள பாத்துருக்கு. போடிப் பக்கம். ஜீப்பு ஓட்டுறாரு. நீங்க இருந்தா டிரைவர் வேணாம்னுதான் சொல்லுவீக. நான் சரின்னுட்டேன். கோவிச்சுக்கிடாதீக.”

எத்தனை நாளாக நானும் இப்படித்தான் பேச வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன்! கடையை நிஜாம் என்ன செய்யப் போகிறான், பாத்ரூம் குழாயை மாற்றியாயிற்று, சர்க்கரை கூடியிருக்கிறது... எவ்வளவு இருக்கிறது சொல்ல. தொழுத இடத்தில் இருந்து கை ஏந்தி துஆ கேட்கலாம். கேட்கிறேன். குழாய் மாற்றியதை துஆவில் சொல்ல முடியுமா?

மரியபுஷ்பம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “யக்கா, வந்ததும் வந்துட்டீக. ஒங்க வழக்கத்துல ஒரு ஜெபம் சொல்லுங்களேன். இவருக்குன்னு சொல்ல யாரு வாரா?”

ஒரு கிறிஸ்தவர் கல்லறையில் நான் கை ஏந்தலாமா என்று விளக்கம் கேட்டுத் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அந்த இடத்தில் நின்ற யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். பெயர் கேட்டேன். அந்தோணி என்றார். கை ஏந்தினேன். ஓதினேன். கடைசியில், யா அல்லாஹ், இந்த அடியாருக்கு இரக்கம் காட்டுவாயாக என்று சொல்லி அந்தோணி பெயரைச் சொல்ல வேண்டும்.

“காதர்” என்று வந்துவிட்டது.

மாதக்கணக்கில் அந்த இடத்தில் அந்த ஒரு பெயரையே சொல்லிப் பழகிய நாக்கு. நான் என்ன செய்வேன்? ஐயோ, தப்பாச் சொல்லிட்டேனே என்று பதறிப்போய் நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் காதர்தான் வந்தார். நின்ற இடத்திலேயே அழுதேன். இத்தாவில் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது.

மரியபுஷ்பம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க வீட்டுக்காரரா?”

தலையசைத்தேன்.

“பரவால்லக்கா. ரெண்டு பேரு பேரையும் சொல்லுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் தொணையா இருக்கட்டும்.”

சொன்னேன். இரண்டு பெயரையும் சொன்னேன்.

மேலே ஏறும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார்: “அவுகள எங்கன வச்சிருக்கீக?”

“எங்க வீட்டுக்கு அடுத்த தெருவுல. பள்ளிவாசல் பின்னாடி.”

“அம்புட்டுப் பக்கமா!” அப்படியே நின்றுவிட்டார். “குடுத்து வச்சவுகக்கா நீங்க. நெனச்சாப் போயி உக்காந்துட்டு வரலாமே. நெதமும் போவீகளோ?”

ஆமாம் என்றேன்.

உண்மை அது இல்லை. நான் ஒரு நாளும் போனதில்லை. சந்தூக்குப் பெட்டியில் வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான். எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவில் பெண்கள் கபர்ஸ்தானுக்கு, அதாவது அடக்கத் தலத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. வேறு ஊர்களில் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்று போர்டு ஒன்றும் வைக்கவில்லை, யாரும் வந்து தடுக்கவும் இல்லை. தடுத்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சண்டை எனக்கு நன்றாக வரும், உங்களுக்குத் தெரியும். வழக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்கு முகம் இல்லையே.

அவ்வளவு தூரம் நடந்து வந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் எனக்காக வருத்தப்பட்டிருப்பார். அவருக்கு அன்றைக்கு இருந்த வருத்தம் போதாதா?

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடையில் இரண்டு பேரும் நடந்தோம். கேட்டில் அவர் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பூப்பாறை போகும் ஜீப்பில் இடம் பிடித்து உட்கார்ந்து, “ஒங்க வீட்டுக்காரர்ட்ட நானும் கேட்டதாச் சொல்லுங்கக்கா” என்று கை காட்டினார்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. நிஜாம் ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தொழுகை முடிந்ததும் அப்படியே அத்தாவை அடக்கிய கபுருக்குப் போய்விட்டுத்தான் கடைக்குப் போவான்.

“கபுர் எப்படிடா இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லாருக்கும்மா. புல்லு மொளச்சிருக்கு.”

“நானும் வர்றேன். கூட்டம் போனப்புறம் வர்றேன். ஒரு அஞ்சு நிமிஷம்.”

தலை வாரிக்கொண்டிருந்தவன் சீப்பை வைத்தான். கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை, மறுப்பும் இல்லை.

“கேட்டுச் சொல்றேம்மா” என்றான்.

யாரிடம் கேட்பான் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன.

அதனால் ஒன்று... இந்தப் பத்தியைப் படிக்கும் ஆண்கள் யாராவது எங்கள் பள்ளிவாசல் பக்கம் போனால், பின்னால் போய் அவருக்கு ஒரு ஸலாம் சொல்லுங்கள். நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.