உதவி வாங்கப் பழகிய வீடு

1. நாற்காலி

மலேசியாவில் பிசியோதெரபிஸ்டாக நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, தொண்டராக மட்டக்களப்புக்குப் போனேன். அங்கே போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரியில் வேலை தொடங்குமுன் ஒன்றரை மாதம் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பழக வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. “தமிழ் தெரிந்த எனக்கு எதற்கு இது?” என்று கேட்டேன். “உங்கள் தமிழ் வேறு, அவர்கள் தமிழ் வேறு. போய்ப் பாருங்கள்” என்றார் பயிற்சி அதிகாரி.

வாவி என்று அங்கே சொல்லும் கடல்நீரேரிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு மீனவர் வீடு கிடைத்தது. யோகம்மா, அவர் கணவர் கணபதிப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்கள். நான் போய் இறங்கியதும் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நான் உட்காராமல் தரையில் அமர்ந்தேன். சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தேன். தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனேன். வீட்டாருக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்த யோகம்மா அக்கா வாளியை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

“என்ன புள்ள, எங்கட கையால ஒண்டும் வாங்கப்படாதெண்டு நேந்துகிட்டா வந்த நீங்க?”

“இல்லக்கா, உங்களுக்குக் கஷ்டம் குடுக்க வேணாம்னுதான்.”

“கஷ்டத்த நாங்க சொல்லுவம். இப்ப இரிங்க.”

இருந்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. உதவி செய்ய வந்தவள் நான் என்ற எண்ணம் கொஞ்சம் கெட்டியாகவே இருந்தது.

2. வாவியைக் கடந்த நாள்

நான்காவது வாரம் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்ததால்தான் என்று எல்லோரும் நினைத்தோம். கொத்தமல்லி அவித்துத் தந்தார்கள். மறுநாள் உடம்பு தூக்கிப் போட்டது. எழுந்து கிணற்றடிக்குப் போகவும் முடியவில்லை. யோகம்மா அக்காதான் உடம்பைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சியை ஊட்டிவிட்டார். பெற்ற தாயைத் தவிர வேறு யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்கடுத்த காலையில் நான் பேசுவதற்கும் பிதற்றுவதற்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. மலேரியாவாக இருக்கும் என்று கணபதிப்பிள்ளை அண்ணன் சொன்னார். ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம். முதல் நாள் நடந்த சண்டையில் துறையை மூடிவிட்டார்கள். பாதை ஓடவில்லை; வாவியில் ஆட்களையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். எதிர்க்கரையில் ஆமியின் காவலரண். அனுமதியில்லாமல் வரும் தோணியைச் சுடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

பாயில் கிடந்தபடி அவர்கள் பேசியதைக் கேட்டேன்.

“நான் தனியக் கொண்டு போறன். நீ புள்ளைகளோட இரி” என்றார் அண்ணன்.

“ஆம்புள ஒராள் தனியத் தோணியில வந்தா அவனுகள் என்ன நினைப்பானுகள்? நானும் வாறன்.”

“ரெண்டு பேருக்கும் ஒண்டு நடந்தா?”

அக்கா பிள்ளைகளின் உடுப்பை ஒரு பையில் திணித்தார். பிறகு, “புள்ளைகளப் பெரியம்மா வீட்டில விட்டிட்டு வாறன். நீங்க தோணியத் தள்ளுங்க” என்றார்.

தோணியின் அடியில் என்னைக் கிடத்தினார்கள். அண்ணன் கம்பூன்றினார். அக்கா நடுவில் நின்று ஒரு சிவப்புப் பூப்போட்ட குடையை விரித்துப் பிடித்தார். எனக்கு வெயில் படாமல் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் நிழல் என் மேல் விழவே இல்லை. கரை நெருங்கும்போது ஒரு வெடிச் சத்தம். அண்ணன் கம்பை அப்படியே நிறுத்திவிட்டார். அக்கா உட்காரவில்லை. குடையை உயர்த்தி, “வருத்தக்காரி, வருத்தக்காரி” என்று தொடர்ந்து கத்தினார்; நோயாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எதிரே இருந்து ஏதோ குரல் வந்தது. மெல்ல வரச் சொல்லிக் கை காட்டினார்கள்.

ஓர் இளம் சிப்பாய் தோணிக்குள் குனிந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி ஏதோ சொன்னான். ட்ரக் ஒன்றில் ஏற்றினார்கள். அக்கா என்னோடு வந்தார். அண்ணனை விசாரிக்க வேண்டும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை அவர் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை, அக்கா என் கட்டிலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும்தான் அழுதார். “தோணிய மறிச்சி வைச்சிட்டாங்கள்” என்றார் அண்ணன். “அது வரும்.”

குடை எதற்கு என்று காய்ச்சல் விட்ட பிறகுதான் கேட்டேன்.

“தூரத்தில இருந்து பாக்கிறவனுக்குப் பொம்புள நிக்கிறாளெண்டு தெரியவேணுமே. சுடுற துவக்கோட போறவன் குடையா பிடிச்சிட்டுப் போவான்?” என்றார் அக்கா.

3. திரும்பிப் போனது

பயிற்சி அதிகாரி வார்டுக்கு வந்தார். விரும்பினால் ஊருக்கே திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். மீதிப் பயிற்சியை அந்த வீட்டிலேயே முடிக்கிறேன் என்றேன். துறை திறந்ததும் போனேன். தோணி அதுவரை வரவில்லை. அண்ணன் அயலவரின் தோணியில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகம் முகாமில் பலமுறை பேசிய பிறகே அது திரும்பியது. நான் போய் இறங்கிய அன்றே, “தோணி போனது என்னாலதானே அண்ணே” என்றேன்.

“காய்ச்சலால புள்ள” என்றார். “நீங்க சாப்பிடுங்க.”

அன்று நாற்காலியைப் போட்டார்கள். உட்கார்ந்தேன். தட்டையும் அவர்களே எடுத்தார்கள்.

4. வேலை

பிறகு ஐந்து வருடம் மட்டக்களப்பில் வேலை செய்தேன். கால் இழந்தவர்கள்தான் அதிகம். முதல் மாதம் கிரானிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மிதிவெடியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. செயற்கைக் கால் பூட்டி, பிடித்து நடக்கும் இரட்டைக் கம்பிகளான பேரலல் பாருக்குள் நன்றாக நிற்பார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்க மாட்டார். இரண்டு தடவை விழுந்தார்.

“பொம்புளட தோள்ள எப்பிடி மிஸ்ஸி பிடிக்கிற? நான் ரெண்டு மூட்டை நெல்லத் தூக்கினவன்.”

பயிற்சி பெறாமல் நேரே வந்திருந்தால், வெட்கப்படாதீர்கள் என்று சொல்லிக் கையை இழுத்து வைத்திருப்பேன். அது வெறும் வெட்கம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். பக்கத்தில் சுவரோரம் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்தேன். நெல் மூட்டையைப் பற்றி, வட்டை என்று அவர் சொன்ன வயல்வெளியைப் பற்றி, அது எத்தனை ஏக்கர் என்று பேசினோம். கடைசியில் அவரே, “சரி, எழும்புவமா?” என்றார். எழுந்ததும் என் தோளில் கையை வைத்தார். கனமான கை. வார்டின் அந்தக் கோடி வரை போய் வந்தோம்.

புதிதாகத் தொண்டுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. உதவியை எப்படிக் கொடுப்பது என்று கல்லூரியிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். நீங்கள் தங்கும் வீட்டில் ஒரு வாய் சோற்றையும் மறுக்காமல் வாங்கப் பழகுங்கள் என்பேன். வாங்கும்போது மனிதனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் கொடுத்தால்தான் அது உதவி.