தலை நிமிர்ந்து சுண்ணாம்பில் நடந்தேன்

எங்கள் கல்யாணப் போட்டோவில் என் முகம் கிடையாது. தலைப்பாகை இருக்கிறது, மாலை இருக்கிறது, மாலைக்குள் புதைந்த மூக்கின் நுனி கொஞ்சம் இருக்கிறது. பக்கத்தில் என் மனைவி நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பர்மாவில், யாங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் எடுத்தது. போட்டோக்காரர் மூன்று தரம் "மாப்பிள்ளை, நிமிருங்க" என்று கத்தினார். அவர் கத்தக் கத்த மண்டபமே என்னைப் பார்த்தது. மண்டபம் பார்க்கப் பார்க்க என் தலை இன்னும் கீழே போனது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அவள் அந்தப் படத்தைக் காட்டுவாள். "நான் யாரைக் கட்டினேன்னு இதுல ஒரு சாட்சியும் இல்லை, பாருங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் உள்ளே போய்விடுவேன்.

எனக்குத் தொழில் சுவருக்கு வெள்ளையடிப்பது, பெயின்ட் அடிப்பது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், முகம் சுவரைப் பார்த்து இருக்கும், முதுகுதான் மனிதர்களைப் பார்த்து இருக்கும். யாங்கூனில் வேலைக்கும் பஞ்சமில்லை. ஒரு மழைக்காலம் போதும், எவ்வளவு நல்ல சுவரும் பாசி பிடித்துக் கறுத்துவிடும். மறுபடி என்னைக் கூப்பிடுவார்கள்.

எங்களுக்கு ஒரே மகன். பயணிகள் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற வேலை. கப்பலில் வேலை செய்கிறவர்கள் தாய் தகப்பனைக் குறைந்த கட்டணத்தில் ஒரு வாரம் கூட்டிப்போகலாமாம். "இந்த வருஷம் உங்களுக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள். கிரீஸ் பக்கம் போறோம், வாங்கப்பா" என்று போனில் சொன்னான். நான் வராமல் இருக்க எட்டுக் காரணம் சொன்னேன். ஒன்பதாவது காரணத்தை யோசிப்பதற்குள் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"கல்யாண நாளுக்கு உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"நகை வேண்டாம், பட்டு வேண்டாம். ரெண்டு பேரு முகமும் தெரியிற மாதிரி ஒரே ஒரு போட்டோ."

"பாஸ்போர்ட்டுலதான் என் மூஞ்சி இருக்கே."

"அது ஆபீசுல காட்டுற மூஞ்சி. அதுவும் போட்டோக் கடைக்காரன் தாடையைப் பிடிச்சுத் தூக்கின மூஞ்சி. எனக்கு வேணாம்."

நகையே கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கப்பல் ஒவ்வொரு நாளும் ஒரு ஊரில் நின்றது. கல்யாண நாளன்று நின்ற ஊர் சாந்தோரினி என்ற தீவு. முன்னொரு காலத்தில் முழுசாக எரிமலையாக இருந்ததாம். அது வெடித்து, நடுப்பாகம் உள்ளே இறங்கி, கடல் புகுந்துகொண்டதாம். மிச்சம் நிற்கிற விளிம்புதான் ஊர். கப்பல் அந்த விளிம்புக்கு நடுவில் போய் நின்றது. காலையில் மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். செங்குத்தான பாறை, கறுப்பு, சிவப்பு, சாம்பல், மஞ்சள் என்று பட்டை பட்டையாக இருந்தது. பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டினால் முன்பு குடியிருந்த ஒவ்வொருவரும் அடித்த நிறம் இப்படித்தான் அடுக்கடுக்காக வரும். உச்சியில் மட்டும் யாரோ புதிதாக வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். அதுதான் ஊர்.

நடுக்கடலில் கறுப்பாக ஒரு குட்டித் தீவு. அதற்குள் இன்னும் சூடு இருக்கிறது என்று மகன் சொன்னதும் அவள் கை கூப்பினாள்.

"நெருப்பு இருக்கிற எடத்துல அம்மன் இல்லாமலா இருப்பா?"

மகனுக்கு அன்று முழுக்க வேலை. எங்களைக் கரைக்குப் போகும் படகில் ஏற்றிவிட்டு, "கடைசிப் படகு நாலரைக்கு. மறந்துடாதீங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, அம்மாவுக்கு அந்தப் போட்டோ" என்றான். இரண்டு பேரும் ஒரு கட்சி.

கரையிலிருந்து கம்பியில் தொங்கும் பெட்டியில் மேலே போனோம். இறங்கியதும் அவள் அன்றைய சட்டத்தைச் சொன்னாள்.

"இன்னைக்கு ஒரு நாள் தரையைப் பார்க்காம நடங்க. பழக்கம் ஆயிடும். அப்புறம் போட்டோவுல தானா நிமிர்ந்துடுவீங்க."

"விழுந்துட்டா?"

"நான் பிடிச்சுக்கிறேன்."

நடந்தோம். ஒரு மேட்டிலிருந்து பார்த்தால் வெள்ளை வீடுகள் படிக்கட்டு மாதிரி சரிந்து போயின, நடுவில் நீலக் குவிமாடம் வைத்த மாதா கோயில், கீழே கடல். போட்டோ எடுக்க அங்கே வரிசை நின்றது. எங்களுக்கு முன்னால் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பெண்ணின் வெள்ளை உடுப்பு எங்கள் தெருவையே பெருக்கும் நீளம். அவர்கள் எல்லார் முன்னாலும் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். நான் உடனே தரையைப் பார்த்தேன்.

"சட்டம்!" என்றாள் அவள்.

எங்கள் முறை வந்தது. பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் நல்ல மனசோடு போனை வாங்கி ஏழு படம் எடுத்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையில் நின்ற நாற்பது ஜோடிக் கண்கள். ஏழு படத்திலும் அவள் இருக்கிறாள், கடல் இருக்கிறது, என் நடு உச்சி வகிடு இருக்கிறது. ஒன்றில் வழுக்கை விழப்போகிற இடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. "சரி, விடுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் அதிகம் வராது. வந்தால் பிறகு பேச்சு வராது. அதற்கப்புறம் சந்து சந்தாக அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் துடைத்தாள். இருபத்தைந்து வருஷமாக ஊரையெல்லாம் சிரிக்கவைத்த அந்தப் படம் அவளுக்குச் சிரிப்பாகவே இருந்ததில்லை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சந்தின் முடிவில் படிகள் மேலே போயின. உச்சியில் ஒரு சின்ன மாதா கோயில், மணி, நீலக் குவிமாடம். அவள் முதல் படியில் நின்று செருப்பைக் கழற்றினாள். யாங்கூனில் பகோடா என்கிற புத்தர் கோயிலுக்குப் போனால் கீழ்ப்படியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தப் பழக்கம்.

"இங்க எல்லாரும் ஷூவோடதான் போறாங்க" என்றேன்.

"அவங்க கணக்கு அவங்களுக்கு. சாமிகிட்ட போறது நாம."

பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் நானும் கழற்றினேன். இரண்டு ஜோடியும் அவளுடைய துணிப்பைக்குள் போனது. கீழே ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. அதன் எழுத்தை நாலாவது படித்த என்னாலும் வாசிக்க முடியவில்லை, பத்தாவது படித்த அவளாலும் முடியவில்லை. அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நானாகவே முன்னால் போனேன். தலையை நன்றாக நிமிர்த்தி, மணியைப் பார்த்துக்கொண்டு, ராஜா மாதிரி ஏறினேன். கால் சில்லென்று இருந்தது. வெயிலுக்கு இதமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. திட்டு என்பது மொழி தெரியாமலே புரிந்தது.

என் வயசு இருக்கும் ஒருவர், தொப்பி, பெரிய மீசை, கையில் பிரஷ். அந்த ஊரில் தரைக்கல்லின் இடுக்குகளில் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போடுவார்கள். படிகளுக்கு அவர் அப்போதுதான் போட்டுவிட்டுச் சுவருக்கு நகர்ந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிறக் கல்லில் என் பாதம், அதன் பின்னால் அவள் பாதம், விரல் விரலாக, பதினோரு படிக்கு. வாழ்நாள் முழுக்கத் தரையைப் பார்த்தே நடந்தவன் நான். நிமிர்ந்து நடந்த ஒரே நாளில், இன்னொரு வெள்ளையடிக்கிறவன் வேலையை மிதித்துவிட்டேன்.

"அய்யய்யோ, சொன்னது நான்தானே" என்றாள் அவள்.

எனக்கு வெட்கப்பட நேரமில்லை. சுண்ணாம்பு கல்லில் காய்ந்துவிட்டால் போகாது. அவர் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியையும் துணியையும் கேட்காமலே எடுத்தேன். உட்கார்ந்து மேல்படியிலிருந்து துடைத்துக்கொண்டே இறங்கினேன். அவர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். நாலு படி தாண்டியதும் கத்துவது குறைந்தது. துடைத்து முடித்து, அவரைப் பார்த்துக் கையை நீட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சின்ன பிரஷைக் கொடுத்தார். கலைந்த கோட்டையெல்லாம் மறுபடி இழுத்தேன். அவருடைய கோட்டை விட என்னுடையது நேராக வந்தது. இதை நான் சொல்லக்கூடாது, ஆனால் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். மீசைக்குள் என்னமோ சொன்னார். பிறகு பெரிய பிரஷை என் கையில் வைத்துச் சுவரைக் காட்டினார்.

"என்னங்க, கல்யாண நாளுமா வேலைக்குப் போயிட்டீங்க?" என்றாள் அவள். குரலில் பழைய கேலி திரும்பியிருந்தது.

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சந்தின் ஒரு சுவரை முடித்தோம். எதிர்ச்சுவரை அவர் காலையிலேயே முடித்துவிட்டார் போல, பளீரென்று இருந்தது. சுண்ணாம்பு பட்ட எங்கள் காலுக்கு அவர் தண்ணீர் ஊற்றினார். பைக்குள்ளிருந்து ஒரு குப்பி எண்ணெய் எடுத்துத் தேய்க்கச் சொன்னார். நாங்கள் தேங்காய் எண்ணெய் தேய்ப்போம், அவர்கள் ஆலிவ் எண்ணெய். கை வெந்துபோவது எல்லா ஊரிலும் ஒன்றுதானே.

மணி நாலு ஆகப்போகிறது. அவள் போனை அவரிடம் கொடுத்து, எங்கள் இருவரையும் காட்டினாள். கையில் பிரஷோடு, ஈரச் சுவருக்கு முன்னால், அவள் பக்கத்தில் நின்றேன். அவர் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டாமல் நின்று போனைத் தூக்கினார். என் கழுத்து தானாகவே மடங்க ஆரம்பித்தது.

அப்போது அவள் மெல்லச் சொன்னாள், "ஏங்க, அந்தா எதிர்ச்சுவருல மேல ஒரு எடம் விட்டுப்போயிருக்கு."

"எங்கே?" என்று நிமிர்ந்தேன்.

அவ்வளவுதான். எடுத்துவிட்டார்.

போனை வாங்கிப் பார்த்ததும் அவள் பக்கத்தில் காய்ந்திருந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியாது. படத்தில் என் முகம் முழுசாக இருந்தது. நெற்றி, இரண்டு கண், மூக்கு, திறந்த வாய், கன்னத்தில், பர்மாக்காரர்கள் பூசுகிற தனக்கா மரப்பட்டைச் சாந்து மாதிரி ஒரு சுண்ணாம்புத் தீற்றல்.

"இருபத்தஞ்சு வருஷமா இது எனக்குத் தோணலையே" என்றாள்.

அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசிப் படகுக்கு ஓடினோம். செருப்பு பைக்குள் இருக்கிறது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

யாங்கூன் வந்ததும் கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போட்டோக் கடைக்குப் போய் அந்தப் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டாள். கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறாள். கீழ்வீட்டு பர்மாக்கார அம்மா பார்க்க வந்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"அவ்வளவு தூரம் போய், கடலும் இல்லை, மலையும் இல்லை, வெறும் வெள்ளைச் சுவரு. இதை நம்ம தெருவுலயே எடுத்திருக்கலாமே?" என்றார்.

"சுவரை விடுங்க" என்றாள் அவள். "மூஞ்சி இருக்கா, பாருங்க."

நான் இந்தத் தடவை உள்ளே போகவில்லை. ஆனால் ஒன்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அதைச் சும்மா, என்னை நிமிர்த்துவதற்காகச் சொன்னாள். எதிர்ச்சுவரில், கூரைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் நிஜமாகவே விட்டுப்போயிருந்தது.