அண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டார்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய நல்ல குணங்களை என்னைவிட நன்றாகவே சொல்வீர்கள். நான் அவருடைய தங்கை. அந்தக் குணங்களோடு ஒரு குற்றத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. குற்றம் என்னுடையது. அண்ணன் போன அன்று என்னை இரண்டு தரம் கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஏன் என்று ஏற்காடு மலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். கீழே சேலத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பனி இறங்கியிருக்கும்போது வெளியிலிருந்து குரல் வந்தால், எங்கள் வீட்டில் முதல் தரத்துக்கு வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது தரத்துக்கும் கூடாது. மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் "ஏனுங்க" என்று கேட்க வேண்டும். "மனுசன்னா மூணு தரம் கூப்புடுவான். மத்தது ரெண்டோட நின்னுக்கும்" என்பார் அம்மா. எது அந்த மத்தது என்று நாங்கள் கேட்டதில்லை.

அண்ணன் செம்மநத்தத்தில் பிறந்தார். அவருக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது இருக்கும்போது ஒரு காலையில் அப்பா கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. யாரோ கூப்பிட்டார்கள், ஒரே ஒரு தரம். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்பா "வர்றனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். மூன்றாம் நாள் பாறைச் சரிவுக்குக் கீழே அவர் உடலை எடுத்தார்கள். கூப்பிட்டது யார் என்று ஊர் முழுக்க விசாரித்தோம். நான்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்றோடு அண்ணனின் படிப்பு நின்றது. எஸ்டேட்டில் மிளகு பறிக்க மரம் ஏறினார், லாரியில் கிளீனராகப் போனார், பிறகு டிரைவர் ஆனார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் வாய்க்கு ஊட்டினார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா வைத்திருந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்த ஆள் அவர். பெண் எப்படி என்று கேட்டால், "கவனிக்கலையே சாமி" என்றார். என் வீட்டுக்காரர் இறந்து நான் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் அறையை எனக்குக் காலி செய்து கொடுத்துவிட்டு ஜீப் ஷெட்டில் கட்டில் போட்டுக்கொண்டார்.

அந்த ஜீப்தான் அவருக்கு எல்லாம். எஸ்டேட்காரர்கள் கழித்துப்போட்ட பழைய டீசல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். காப்பி மூட்டையும் பலாப்பழமும் ஏற்றினார். அதைவிட அதிகமாக நோயாளிகளை ஏற்றினார். யார் வீட்டு முன் நிறுத்தினாலும் ஹாரனை மூன்று தரம் அடிப்பார். இரண்டு அடித்தால் எவரும் வெளியே வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஜீப் அழ ஆரம்பித்தது. நான் மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் இருந்தது. எஞ்சின் முன்னால் ஒரு பெல்ட் புல்லி என்கிற மூன்று சக்கரங்களைச் சுற்றி ஓடும். புல்லிக்குள் உருண்டு சுழலவைக்கும் பேரிங் வளையம் தேய்ந்தால் இப்படிக் கத்தும், அப்படியே விட்டால் ஒருநாள் இறுகிப்போய் பெல்ட் அறுந்துவிடும், வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்றார் அண்ணன். எங்களுக்கு மேலே சரிவில் இருக்கும் மேல்வீட்டில் ஒரு பெண் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் உடனே வேலையில் இறங்கினார்.

முதல் புல்லிக்குப் புது பேரிங் போட்டார். அழுகை நிற்கவில்லை. அடுத்த வாரம் இரண்டாவதற்கும் போட்டார். அப்போதும் நிற்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை மூன்றாவது புல்லியின் நடு போல்ட்டில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"நீ கேட்டுப் பாரு கண்ணு" என்று என்னிடம் கொடுத்தார்.

எஞ்சின் சத்தத்துக்கு அடியில், எங்கோ தூரத்தில் ஒருவர் கூப்பிடுவதுபோல ஒரு ஓசை ஏறி இறங்கியது. என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று மட்டும் புரியவில்லை.

"யாரோ கூப்புடற மாதிரி இருக்குதுங்கண்ணா."

"எத்தன தரம்?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். அன்று சாப்பிடும்போது, "அப்பாவைக் கூப்புட்ட குரல் உனக்கு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு இருக்குது" என்றார்.

மூன்றாவது பேரிங்கை மாற்ற அவர் உட்கார்ந்தது கார்த்திகையில் ஒரு காலை. காப்பியைக் குடித்துவிட்டு, "இன்னிக்கோட இந்தப் பாட்ட முடிச்சுருவேன்" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனார். ஷெட் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆரஞ்சு மரங்கள் வீட்டுக்கு முன்னால். பனி இரண்டையும் மூடியிருந்தது. நான் சமையல் கட்டில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது தேய்ந்த பிறகு கேட்டது.

"கண்ணு."

அண்ணன் குரல்தான். ஆனால் ஷெட் பக்கம் இருந்து வரவில்லை, ஆரஞ்சு மரங்கள் பக்கம் இருந்து வந்தது. முறத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "கண்ணு." இந்தத் தரம் ஜன்னலுக்கு நேர் கீழே. மூன்றாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. நான் மறுபடி மிளகைப் புடைக்க ஆரம்பித்தேன்.

சோறு வடித்துவிட்டு அவரைக் கூப்பிடப் போனபோது, அண்ணன் முன் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெல்ட் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தது. மடியில் புல்லி, உள்ளங்கையில் எண்ணெய்த் தாள் பிரிக்காத புது பேரிங். தொட்டேன், கை ஜில்லென்று இருந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். "ஒன்பது மணிக்குள்ளயே உசுரு போயிருக்கும்மா" என்றும் சொன்னார். அப்படியானால் பதினொன்றுக்கு யார் கூப்பிட்டது? பெல்ட்டே இல்லாத வண்டி அழாது. ஒருவேளை டாக்டர் நேரத்தைத் தப்பாகக் கணித்திருந்தால், என் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். இந்த இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். "நீ பேசாம இருந்ததே நல்லதாப் போச்சு கண்ணு. வாயத் தொறந்திருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிருக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிறகு கூப்பிட்டிருந்தாலும் அது என் அண்ணன் அல்லவா? தன் கட்டிலை ஷெட்டுக்குத் தூக்கிப் போனவர் எனக்குக் கெடுதல் செய்யவா வந்து ஜன்னலுக்குக் கீழே நிற்பார்? அவர்களிடம் அன்று நான் கத்தியதற்கு இந்த மலரின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், தகனத்தன்று பெய்த மழையில் விறகை நனையாமல் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும், பதினாறு நாளும் எனக்குச் சமைத்துப் போட்ட மேல்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எஸ்டேட் வண்டிகளைப் பழுது பார்க்கும் கிளியூர் சூசை, எங்கள் அண்ணனின் பல வருஷச் சிநேகிதர். அவருக்கு நான் பட்ட கடனைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பிற்பகலில் உறவினர்கள் கிளம்பிய பிறகு, சூசை கருவிப் பையோடு வந்தார். "அண்ணன் உட்ட வேலைய முடிச்சுக் குடுத்தர்றேனுங்க அக்கா" என்றார். அதே பேரிங்கைத் தாளைப் பிரித்துப் புல்லியில் வைத்தார். வெளி வளையத்தில் மட்டும் படும்படி சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினார். உள் வளையத்தில் அடி பட்டால் புதுசும் கெட்டுவிடுமாம். புல்லியை மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டி எஞ்சினை ஓடவிட்டார். அழுகை இல்லை. மறுவாரம் மேல்வீட்டுப் பெண்ணை அந்த ஜீப்பில்தான் சூசை ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெண் குழந்தை, இருவரும் சுகம்.

அந்தப் பதினாறாம் நாள் அவர் எஞ்சினை நிறுத்தியபோது பனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சூசை கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு."

ஆரஞ்சு மரங்கள் பக்கம் இருந்து. சூசைக்கும் கேட்டது. கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, வாயில் விரல் வைத்து, "பேசாதீங்க அக்கா" என்று மெல்லச் சொன்னார்.

"ஏனுங்கண்ணா" என்று தொண்டை கிழியக் குரல் கொடுத்தேன். "இங்கதான் இருக்கறனுங்க. வண்டி சரியாயிருச்சுங்கண்ணா."

இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சூசை சிலுவை போட்டுக்கொண்டார்.

"மொதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிட்டீங்களே அக்கா."

"மொதல் இல்ல சூசை" என்றேன். "மூணாவது."