கடுகு வெள்ளை

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்கு அருகே ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுநாள் ஆகியும் எனக்கு அங்கே நெருங்கிய மனிதர் எவருமில்லை. சனிக்கிழமை தமிழ்க்கடைக்குப் போனால்தான் என் குரலை நானே கேட்பேன்.

அப்போது என் வேலை, ஒரு சின்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சியைத் திரும்ப வகைப்படுத்துவது. ஜெர்மன்காரர் அதைக் கடுகு வெள்ளை என்பார்கள். அதுவரை ஒரே இனம் என்று நம்பியிருந்ததற்குள் சினாபிஸ், ரியாலி என இரண்டு இனங்கள் இருப்பது தெரியவந்திருந்தது. சிறகை வைத்துப் பிரிக்க முடியாது. வயிற்றை வெட்டி, காரக் கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

ஒருநாள் முதியவர் ஒருவர் தான் சேர்த்த வண்ணத்துப்பூச்சிப் பெட்டிகளைக் கொடுக்க வந்தார். மனைவி இறந்தபின் வீட்டைக் காலி செய்கிறாராம். அவர் பேசியது ஜெர்மன்தான். என் நினைவில் அது என் தமிழாகவே இருக்கிறது.

“எல்லாத்தையும் வெட்டுவீங்களோ?”

“ஓம். வெட்டாமல் சொல்ல ஏலாது.”

அவர் ஒரு பூச்சியைக் காட்டினார். அதன் கீழிருந்த குறிப்புத் துண்டில் கையெழுத்து வேறாக இருந்தது. “இதை என்ர மனுசி பிடிச்சவ. அவவுக்கு வலை வீசவே தெரியாது. பிடிச்சிட்டு அழுதவ.”

“அப்ப இதை நீங்களே கொண்டு போங்கோ.”

“உங்கட விதிமுறை விடுமோ?”

“பெட்டியை நான் இன்னும் பதியேல்லை.”

ஊசியோடு அதை ஒரு சிறு பெட்டியில் குத்திக் கொடுத்தேன். டிராம் நிறுத்தத்தில் அதை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மற்றவற்றை வெட்டிப் பார்த்தபோது எல்லாம் சினாபிஸ் என்றே வந்தன. தெரிந்துகொள்ள விரும்புவார் என்று தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“அப்ப மனுசி பிடிச்சதும் அதுதானோ?”

“அப்பிடித்தான் இருக்கும். ஆனா பார்க்காமல் உறுதியாச் சொல்ல ஏலாது.”

“பரவாயில்லை,” என்றார். பிறகு மழையைப் பற்றிக் கேட்டார். பெய்கிறது என்றேன். அவர் ஊரிலும் பெய்கிறதாம். சொல்ல வேறொன்றும் இல்லாமல் போயும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.