புதன்கிழமை இருபது நிமிடம்

குடும்ப நீதிமன்றத்தில் எங்கள் விவாகரத்து வழக்கு ஒருவழியாக முடிந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. அவள் என்னோடு இருக்கலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பாவோடு. புதன்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு அவர் இருபது நிமிடம் வீடியோ காலில் பேசலாம்; அப்போது குழந்தை தனியாக இருக்க வேண்டும், தாய் கேட்கவோ குறுக்கிடவோ கூடாது. ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்பை வக்கீலம்மா தமிழில் சொன்னார்.

"மேடம், தனியான்னா எங்க போறது? எங்க வீட்டுல ஹால் பாதி தறி, மீதியில நாங்க" என்றேன்.

"அதுக்கு நானாம்மா ரூம் கட்டித் தர முடியும்? நீதான் ஏதாவது வழி பண்ணணும்."

வழி தறியிலேயே இருந்தது. ஏழு மணிக்குப் போனை மகளிடம் கொடுத்து, வாசல் பக்கம் உட்கார வைத்துவிட்டு, நான் நெய்ய உட்கார்ந்துவிடுவேன். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது.

முதல் சில வாரங்கள் யோக்கியமாகத்தான் இருந்தேன். என்னைக் கெடுத்தது அவள் சிரிப்பு. சத்தம் கேட்காவிட்டாலும் கண் தெரியுமே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பத்து வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதர், சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்படி என்னதான் சொல்கிறார்? வேலை செய்யும் இடத்துக் கதையா, என்னைப் போல நடித்துக் காட்டுகிறாரா? மகளைக் கேட்டால் "சும்மாதாம்மா" என்பாள். எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. பிள்ளையின் மனதை என்னிடமிருந்து திருப்புகிறாரோ என்ற பயமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு புதன்கிழமை நாலைந்து நிமிடம் போனதும் தறியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஸ்கூல்ல என்னமா நடத்துனாங்க?"

"கணக்குப்பா."

"அங்க மழை பெய்யுதா?"

"இல்லப்பா."

"சரிமா, நல்லா படி."

எட்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. இதற்கா அந்தச் சிரிப்பு? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த புதன் அவர்கள் பேச ஆரம்பித்ததுமே நிறுத்தினேன். அதே கணக்கு, அதே மழை. ஆறு நிமிடம். மனிதருக்கு அலுத்துவிட்டது போல என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மகள் போனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"ஏம்மா தறிய நிறுத்துன?"

"நூல் அறுந்துடுச்சு கண்ணு."

"நூல் அறுந்தா நீ திட்டுவியே. இன்னைக்கு ஒரு சத்தமும் காணோம்."

அறுந்த நூலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"நீ நிறுத்துனா அப்பா உடனே கணக்கு, மழைன்னு பேசி வச்சிடுறாரு" என்றாள்.

அவரும் தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறி நின்றால் நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாதா? மாட்டிக்கொண்ட கோபம் வந்தது.

"நான் கேக்கக் கூடாத பேச்சு என்னடி இருக்குது உங்களுக்குள்ள?"

"ஒண்ணுமில்லம்மா. போன வாரம் எட்டு நிமிஷம், இன்னைக்கு ஆறு. ஜட்ஜம்மா இருபது நிமிஷம் குடுத்தாங்கல்ல?"

"அது உங்கப்பாவுக்குக் குடுத்தது" என்றேன் வெடுக்கென்று.

அவள் போனில் மணியைப் பார்த்தாள்.

"எனக்குக் குடுத்ததுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்மா."

மணி ஏழு பத்து. பிரிந்த நாளிலிருந்து நான் தொடாத அவருடைய எண்ணை நானே அழுத்தி, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, நெய்ய ஆரம்பித்தேன். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.