கால் படாத இடம்

மழை பெய்தால் நம் தோட்டத்தில் தூண்டில் போடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்றுதான் எனக்கு முதல்முதலாகக் கோபம் தலைக்கேறியது. முதல்முதலாக என்றால், அந்த வாரத்தில்.

கெலுகோரில் எங்களுடையது தெருமுனை வீடு. பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம். அதில் மல்லிகைப் பந்தல், நந்தியாவட்டை, மதில் மூலையில் அடர்ந்த செம்பருத்தி, கறிவேப்பிலை, இரண்டு வாழை. யாரும் வந்து படம் எடுக்கிற தோட்டம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் போடுகிற சரம் முழுக்க அங்கிருந்துதான் வரும். கடைப்பூ வாங்கி நான் போட்டதே இல்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் தெருவோரச் சாக்கடையை, லோங்காங் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்லுவோம், கவுன்சில் செப்பனிட்டுச் சிமெண்டுப் பலகை போட்டு மூடியது. சில மாதங்களில் தோட்டத்தில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. ஒரு மழைக்குக் கணுக்கால் அளவு. வடிய இரண்டு நாள். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. லோங்காங்தான். வேறென்ன?

வீட்டுக்காரருக்குக் குற்றவாளி வேண்டியதில்லை, தண்ணீர் போனால் போதும். முந்தின வருடம் டெங்கி வந்து வார்டில் கிடந்தவர். தேங்கிய தண்ணீரைக் கண்டாலே மனிதரின் முகம் வெளுத்துவிடும். அதனால் அவரை முழுக்கத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. பாதிதான் திட்டினேன்.

"எல்லாத்தையும் வெட்டிட்டுச் சிமெண்டு போட்டுடலாம். கழுவி விட்டா முடிஞ்சுது. உன் காடியையும் நிறுத்திக்கலாம்" என்றார். கார் எங்களுக்குக் காடிதான்.

"காடிக்கு மல்லிகை பூக்குமா?"

காண்ட்ராக்டரை வேறு கூட்டிவந்து அளந்துவிட்டார். சிமெண்டு எதுவரை வரும் என்று அந்த ஆள் மதில் சுவரில் செங்கல் துண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான். காலையில் பூப்பறிக்கப் போனால் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். "லோங்காங்ல கோளாறுன்னா உன் செடி இருக்கட்டும். நம்ம காம்பவுண்டுக்குள்ள கோளாறுன்னா சிமெண்டு. அதுக்கப்புறம் நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"வச்சுக்க மாட்டேன்" என்றேன், அப்போதே தூக்கி வைத்துக்கொண்டு.

பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவள் நான். புகார்க் கடிதம் எழுத எனக்கா தெரியாது? மலாயில் இரண்டு பக்கம் எழுதினேன். கூடவே படங்கள். ஆழம் தெரிய வேண்டுமே என்று அவரைக் கைலியை மடித்துக் கட்டித் தண்ணீருக்குள் நிற்க வைத்து எடுத்தேன்.

"ஏன், டெங்கி வந்தவன்தான் கெடச்சானா உனக்கு?"

"பேசாம நில்லுங்க. கொஞ்சம் சோகமா மூஞ்சிய வைங்க."

சோகமாக வைக்கச் சொல்லியே இருக்க வேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே அந்தப் பக்கத்துப் பெண் "பைல் இருக்கு அக்கா, இருக்கு" என்று சொல்லுகிற அளவுக்கு நெருக்கமாகிவிட்டோம். ஒருவழியாக ஆள் வந்தது. நம் ஆள்தான், நாற்பது வயதிருக்கும் தமிழ் மண்டோர், அதாவது மேஸ்திரி, இரண்டு வேலையாட்களோடு.

முந்தின நாள் மழைத் தண்ணீர் தோட்டத்தில் அப்படியே நின்றிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், சாட்சி இருக்கிறதே என்று. அவர்கள் தெருவில் பலகையைத் தூக்கி, லோங்காங்கில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது.

"லோங்காங் ஓக்கேலா அக்கா."

"ஓக்கேன்னா எப்படித் தம்பி? அப்ப இந்தத் தண்ணி என்ன, விருந்துக்கா வந்து உக்காந்திருக்கு?"

அவர் சிரித்துவிட்டு, "உங்க வீட்டுத் தண்ணி வெளிய வர்ற ஓட்டை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அது செம்பருத்திக்குப் பின்னால், மதில் அடியில். நான் எட்டிப் பார்த்து வருடக்கணக்காகிறது. மண்டோர் கிளைகளை விலக்கிக்கொண்டு இறங்கி, கொக்கியை உள்ளே விட்டு இழுத்தார். கறுப்பாக, கொழகொழவென்று ஒரு கயிறு வந்தது. இன்னும் இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. அதில் ஒட்டியிருந்ததை உற்றுப் பார்த்தவர் சட்டென்று பூட்ஸ் காலைத் தூக்கிக்கொண்டு, சேற்றுக் கையோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயோ அக்கா, இது சாமிக்குப் போட்ட சரம்லா!"

அதைச் சொல்ல வேண்டும். சாமி படத்திலிருந்து கழற்றிய பூவைக் குப்பைத் தொட்டியில் போட மாட்டோம். கால் படாத இடத்தில் போட வேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பழைய சரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்ப் போடுவது வீட்டுக்காரர் வேலை. வாழை அடியில் போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ நான் சொன்ன சொல்லைத் தட்டாமல், எங்கள் காம்பவுண்டிலேயே ஒரு ஈ காக்கை கூடக் கால் வைக்காத இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார். செம்பருத்திக்குப் பின்னால், அந்த ஓட்டையின் வாயிலேயே.

"யாரு அண்ணே இங்க போட்டது?" என்று பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைக் கேட்டார் மண்டோர்.

ஓட்டை காம்பவுண்டுக்குள். கோளாறும் காம்பவுண்டுக்குள். வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும், ஜெயித்திருப்பார். நான் மல்லிகைப் பந்தலைப் பார்த்தேன்.

"நான்தான் தம்பி. வாராவாரம் வீசுனேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்குங்க" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வாயால் "நான்தான்" என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! கேட்டபோது ரசிக்க முடியவில்லை. காரணம், மண்டோர் அடுத்துச் சொன்னது.

"பூ பூரா மக்கிப் போச்சு. இந்த நூல்தான் வலை மாதிரி அடைச்சுக்கிச்சு. என்ன நூல்லா இது? கத்தி போட்டாலும் அற மாட்டேங்குது!"

நைலான் நூல். முன்பெல்லாம் வாழைநாரில் கட்டுவேன். நடுவில் நடுவில் அறுந்துபோகிறதே என்று, லோங்காங்குக்குப் பலகை போட்ட அதே சமயத்தில், தையல் கடையில் வாங்கி வந்தேன். "இழுத்துப் பாருங்க, அறாது" என்று வீட்டுக்காரரிடமே பீற்றிக்கொண்டேன். அவருக்கும் அது ஞாபகம் இருக்கும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மண்டோர் கொக்கியை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். தேங்கி நின்ற தண்ணீர் முழுக்கக் குடுகுடுவென்று கிளம்பிவிட்டது. பிறகு கவுன்சில் ஃபாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "காரணம்னு ஒரு இடம் இருக்கு. சாமி பூவப் போய்க் குப்பைன்னு எழுத மனசு வரல அக்கா."

நான் பேனாவை வாங்கினேன். என்ன இருந்தாலும் குமாஸ்தா. "நைலான் நூல். கட்டியது வீட்டுக்காரி" என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"கோளாறு நம்ம காம்பவுண்டுக்குள்ளதான். காண்ட்ராக்டரக் கூப்பிடுங்க" என்றேன்.

"எதுக்கு? கோளாறு பண்ணுனது நாம ரெண்டு பேரு. செடி என்னா பண்ணுச்சு?" என்றார்.

இப்போது மறுபடி வாழைநார்தான். சரம் பாதியில் அறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முடிச்சுப் போட்டுத் தருகிறார், கோணல்மாணலாக. பழைய பூவை வாழை அடியில் குழி வெட்டிப் போடுகிறார், போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்கிறார். அடுத்த மழைக்கு இரண்டு பேரும் வாசலில் நின்று தண்ணீர் ஓட்டை வழியே போவதை வேடிக்கை பார்த்தோம். மதில் சுவரில் அந்தச் செங்கல் கோடு அப்போதும் இருந்தது. அவர் மழையில் நனைந்தபடி போய், கைலி முனையாலேயே அதைத் துடைத்துவிட்டு வந்தார்.